மூன்றாவது அறையில் ஏழு விளக்கு

ஜூன் 3, 2025, செவ்வாய்

காலையில் சாமைச் சோறு, பருப்புக் கடைசல். மோட்டார் ஓடவில்லை, அடிபம்பில் நாலு குடம்.

இவர் வேனில் கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூர் சந்தைக்குப் போகும்போது லேப்டாப்பையும் கொடுத்தனுப்பினேன். மலைமேல் சிக்னல் ஒரு கோடு வந்தாலே அன்றைக்குப் பண்டிகை. விளையாட்டு இறங்க நாலு கோடு வேண்டுமாம். டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இறக்கிக்கொண்டு வந்தார். "கத்திரிக்காவும் எறங்கிடுச்சி, உம் பொண்ணு கோட்டையும் எறங்கிடுச்சி" என்று மேசைமேல் வைத்தார்.

விளையாட்டின் பெயர் மூடுகோட்டை. மகள் பூவிழி வேலை பார்க்கும் பெங்களூர் கம்பெனி செய்தது. மந்திரக் கோட்டை, பூதம், ராணி எல்லாம் உண்டு. சண்டை கம்மி, புதிர் அதிகம். ஒவ்வோர் அறையாகப் புதிரை அவிழ்த்து உள்ளே போக வேண்டும். அதில் மூன்றாவது அறை பூவிழி கட்டியது. இருநூறு பேர் ஆடிப் பார்த்து எப்படி இருக்கிறது என்று எழுதுவார்கள். இருபதாம் தேதி எந்த அறையை வைப்பது, எதைத் தூக்குவது என்று முடிவு செய்வார்கள். அவளுக்கு இன்னும் தற்காலிக வேலைதான். அறையைத் தூக்கினால் அவளையும் தூக்கிவிடுவார்கள்.

ஆபீசில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒருவரைச் சேர்க்கலாமாம், இதுவரை விளையாட்டே ஆடாத ஆளாக இருக்க வேண்டுமாம். என்னைச் சேர்த்துவிட்டாள். "தோணுறதச் சொல்லும்மா. பொண்ணாச்சேன்னு பாக்காத" என்றாள். நான் எப்போது பார்த்தேன்?

ஜூன் 4, புதன்

நாயகி ஒரு பெண். உயரம் நாலடி இருப்பாள், கையில் வாள் ஐந்தடி. முழங்காலுக்கு இரும்புக் கவசம், வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஊர் எதிரிகளுக்கு முழங்கால்மேல்தான் கண் போலிருக்கிறது.

கோட்டைக்குள் நுழைந்ததும் தூணில் ஒரு அம்மன் சிலை. இவள் பூட்ஸ் காலோடு போய் நிற்கிறாள். கழற்ற எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றில் குதிக்கிறாள், ஒன்றில் உட்காருகிறாள், ஒன்றில் கத்துகிறாள். கழற்றுவதற்கு மட்டும் வழி இல்லை. போனில் சொன்னேன்.

"அம்மா, அது கோயில் இல்ல. கோட்டை."

"உள்ள சாமி கீதா இல்லியா?"

"செலை கீது."

"அப்ப கோயில்தான்."

முதல் அறை, தவளைக் குளம். ஒன்பது தவளை. எது எத்தனை தடவை கத்துகிறது என்று நோட்டில் கோடு போட்டேன். குறைவாகக் கத்துவதிலிருந்து வரிசையாக எடுத்துக் கல்மேல் வைத்தால் கதவு திறக்கிறது. இருபது நிமிடம் ஆனது. மகளிர் குழுக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். அதற்குத் தவளை எவ்வளவோ மேல்.

ஜூன் 5, வியாழன்

இரண்டாவது அறை என்பது ஒரு நீளச் சந்து, அவ்வளவுதான். நடுவில் பெருங்காற்று. ஒரு பூ கிடைத்தது. எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

என் மகள் கட்டிய அறைக்குள் போனேன். நன்றாகத்தான் கட்டியிருக்கிறாள். கல் அம்மன், முன்னால் ஏழு விளக்கு, சுடர் ஆடுவதுகூட நிஜம்போல. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சுவரில் எழுதியிருக்கிறது: இருள் வந்தால் வழி வரும். விளக்குக்குக் கிட்டே போனால் கீழே ஒரு சொல் வருகிறது.

'ஊது.'

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக.

ஜூன் 7, சனி

தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று பேசினேன். அங்கேதான் சிக்னல்.

"இன்னாடி, வெளக்க வாயால ஊதுறதுன்னு எந்த வூட்ல கத்துக்கின?"

"அம்மா, அது நெச வெளக்கு இல்லம்மா. படம்."

"காலண்டர்ல கீற முருகர்கூடப் படந்தான். அது மேல கால வெப்பியா?"

மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் நாப்பது நொடில ஊதிட்டுப் போய்ட்டே கீறாங்க. நீ ஒருத்திதான்."

எல்லாரும் ஊதட்டும். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம், ஒரு நாள்கூட விளக்கை ஊதியதில்லை. பூவை வைத்துக் குளிர வைப்பேன், இல்லாவிட்டால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவேன். சந்தில் எடுத்த பூ அதற்குத்தான் என்று நினைத்துச் சுடர்மேல் வைத்தேன். பூ எரிந்துபோனது. திரியைத் தொட முடியவில்லை. சரி, எண்ணெய் தீர்ந்து தானாகக் குளிரட்டும் என்று மத்தியானத்திலிருந்து அப்படியே விட்டிருக்கிறேன். லேப்டாப்பை மூடினால் விளக்கு என்ன ஆகும்? தெரியவில்லை. மூடவில்லை.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். விரதம். முருகனுக்குப் பால், பஞ்சாமிர்தம். லேப்டாப்பில் ஏழு விளக்கும் எரிகிறது. அந்த அம்மனுக்கும் இங்கிருந்தே ஒரு கற்பூரம் காட்டினேன். ஒரே நாளில் இரண்டு வீட்டு வேலை.

மற்றவர்கள் எழுதியதைப் போனில் தமிழாக்கிப் படித்தேன். "தவளைகளுக்காக முழு மதிப்பெண்." "வாள் எதற்கு? இதுவரை வெட்டவே இல்லை." மூன்றாவது அறையைப் பற்றி: "ஊதினேன், திறந்தது, இதற்குப் பெயர் புதிரா?" இன்னொருவன்: "இந்த அறையைக் கட்டியவர் அன்றைக்கு விடுப்பில் இருந்தாரா?"

அவன் வீட்டில் சோறு குழைய.

ஜூன் 11, புதன்

பூவிழி அழுதாள். போனில் அவள் அழுது கேட்டு ஆறு வருடம் ஆகிறது.

சிக்னல் ஒரு கோடு வரும்போதெல்லாம் இந்த விளையாட்டு, எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தானாகவே ஆபீசுக்கு அனுப்பிவிடுமாம். நேற்று எல்லாரையும் உட்காரவைத்து மேனேஜர் அதைப் படமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். எல்லார் கோடும் புல்லாட்டம், ஒரு கோடு மட்டும் பனமரமாட்டம் நின்றதாம். மூன்றாவது அறை, எழுபது மணி நேரம். அந்தப் பனமரம் நான்.

"ஊதறவங்களுக்கு ஒண்ணுமே இல்லன்ட்டாங்க. இப்ப ஒருத்தர் வெளிய வரவே முடியல, அறை கெட்டுப்போய்க் கீதுன்றாங்க. சராசரி மொத்தமும் போச்சும்மா. ஒரு பொத்தான். ஒரே ஒரு பொத்தான அழுத்தக் கூடாதா? உன் பக்தில என் வேல போவப் போவுது."

எழுபது மணியை இருநூறால் வகுத்தேன். தலைக்கு இருபத்தோரு நிமிடம் கூடுகிறது. கணக்கு சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் இன்னா பண்ணிட்டேன்? வெளக்கு எரிய வுட்டேன். அது ஒரு குத்தமா? அவ கொழந்தையா இருந்தப்ப இந்தக் கையாலதான அவளுக்கு வெளக்கு வெக்கக் கத்துக் குடுத்தேன். அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் கட்டினாளா?

விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இவர் பார்த்துவிட்டு, "ஏம்மே, நான் வேணா ஊதிர்றேன், பாவம் எங்கணக்குல வரட்டும்" என்றார். ஏற்கெனவே அந்தக் கணக்கில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ஊதவில்லை. சாப்பிட்டேன். கோபத்துக்காகக் கத்திரிக்காய்க் குழம்பு ஏன் வீணாக வேண்டும்?

ஜூன் 13, வெள்ளி

குழு நோட்டில் கையெழுத்துப் போட மேல்தெரு செல்லியம்மாள் அக்கா வந்தாள். நிலத்தில் சாமை விதைத்துவிட்டு மண் காலோடு வாசலிலேயே நின்று லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சுதா, வெளக்குக்குக் காவலா?"

நடந்ததைச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"ஊத மனசில்ல. இருட்டும் வோணும். அவ்ளோதான?"

"அவ்ளோதான்க்கா."

"எங்க வூட்டுக்காரருக்கு வெளிச்சம் இருந்தாத் தூக்கம் வராது. நான் வெளக்க எடுத்து அடுப்பாண்ட வெச்சிடுவேன். அத்தப் பண்றதுக்கு இன்னா? இவ்ளோ பெரிய வாளத் தூக்கறா, ஒரு வெளக்கத் தூக்க மாட்டாளா அவ?"

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தவளையை எடுத்தோமே, அதே பொத்தானை விளக்கின்மேல் அழுத்தினேன். தூக்கிக்கொண்டாள். ஏழு நாளாக 'ஊது' என்ற ஒரு சொல்லையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு முட்டை போட்டேன்.

ஜூன் 14, சனி

தூக்குவது சுலபம். வைக்க இடமில்லை. அறையை விட்டு வெளியே வந்தால் காற்றுச் சந்து. அங்கே வைத்தால் அணைகிறது. அதைத் தாண்டித் தவளைக் குளத்துக்குக் கொண்டு போக வேண்டும். நடுவில் காற்று அடித்தால் விளக்கு மறுபடியும் அம்மன் முன்னால் போய் எரிகிறது, முதலிலிருந்து தூக்க வேண்டும். காற்று அணைத்தால் அது காற்றின் பாவம், என்னுடையது இல்லை. இதைப் பூசையறையில் நின்று தெளிவாகச் சொல்லிவிட்டேன், பின்னால் பேச்சு வரக் கூடாது.

ஒன்பது எண்ணும்வரை காற்றில்லை. பிறகு நாலு எண்ணும்வரை அடிக்கிறது. அந்த நாலுக்குத் தூண் மறைவில் நிற்க வேண்டும். எண்ணுவதற்கு இவரை உட்காரவைத்தேன். ஆறுக்கு அப்புறம் எட்டு என்றார். விளக்கு போனது.

"சந்தையில காய எண்ணிப் போடறதும் இப்டித்தானா?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

மூன்று விளக்கு சேர்ந்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஏழும் சேர்ந்தது. நடை இருபத்து மூன்று, அதில் காற்றுக்குக் கொடுத்தது பதினாறு. குளத்தைச் சுற்றி ஏழு விளக்கு, தண்ணீரில் ஏழு. தவளைகள் எல்லாம் திரும்பி உட்கார்ந்து பார்த்தன. யாரும் அவற்றை அப்படி உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திரும்பிப் போனால் அறை கும்மிருட்டு. அம்மனுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது.

ஜூன் 16, திங்கள்

"எப்டிம்மா?" என்றாள் பூவிழி. சொன்னேன். எதிர்ப்பக்கம் தட்டெழுத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, அப்டி ஒரு வழி நான் வெக்கவே இல்ல. அறையில வெளிச்சம் இல்லன்னா கதவு தொறக்கணும்னு மட்டும்தான் எழுதினேன். வெளக்கு எங்க போச்சுன்னு அது பாக்காது."

"நீ பாக்கலன்னா இன்னா, இருந்துச்சே."

"நீ கண்டத எல்லாரும் படிக்கிற எடத்துல எழுது. தமிழ்லயே எழுது."

எழுதினேன். நகல் இங்கே:

'வணக்கம். ஜவ்வாது மலையிலிருந்து ஓர் இல்லத்தரசி. தவளை நன்று. வாள் தண்டம், அதை விற்றுச் செருப்பு கழற்ற ஒரு பொத்தான் வைக்கவும். முழங்கால் கவசத்தை வயிற்றுக்கு மாற்றவும். மூன்றாவது அறையை நாற்பது நொடியில் முடித்து, சப்பென்று இருக்கிறது என்று எழுதியவர்களுக்கு: ஊதினால் சப்பென்றுதான் இருக்கும். ஊதாமல் போய்ப் பாருங்கள். காற்றுச் சந்தில் ஒன்பது எண்ணும்வரை நடக்கலாம், நாலு எண்ணும்வரை தூண் மறைவில் நிற்கவும். எண்ணத் தெரிந்தவரை மட்டும் உதவிக்கு வைத்துக்கொள்ளவும். அடுப்பில் எதையும் வைத்துவிட்டு ஆட வேண்டாம்.'

ஜூன் 18, புதன்

தொட்டிமேல் ஏறிப் பார்த்தேன். என் எழுத்துக்குக் கீழே நாற்பத்தோரு பேர். "ஐந்து மணி நேரம் போய்விட்டது, என் மனைவி பேசுவதில்லை." "ஏழாவது விளக்கைத் தூணருகில் இழந்தேன். இந்த அம்மாவை யாரும் கேட்க மாட்டார்களா?" "தவளைகள் திரும்பிப் பார்த்தபோது அழுதுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை." விடுப்பில் இருந்தாரா என்று கேட்டவன் வந்து, "விடுப்பு இல்லை போலிருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தான். போகட்டும், அவன் சோறு குழைய வேண்டாம்.

ஆனால் மேனேஜர் இன்னும் முகம் சுளிக்கிறாராம். கட்டியவளுக்கே தெரியாத வழி என்றால் அது புதிரா, பிழையா என்று கேட்கிறாராம். பூவிழி என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். "பிழைதான் சார், ஆனா நல்ல பிழைன்னு சொன்னேன்" என்றாள். பொய் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்லவில்லை. அதுவும் நான் கற்றுக் கொடுத்ததுதான், யாரைத் திட்டுவது?

ஜூன் 20, வெள்ளி

முடிவு நாள். காலையிலேயே முருகன் கோயில். அர்ச்சனைத் தட்டோடு நின்று சொன்னேன்: பத்து வருடமாகச் சஷ்டிக்குச் சஷ்டி உனக்கு விரதம் இருந்த கணக்கு என் நோட்டில் இருக்கிறது. பதிலுக்கு நீ செய்த கணக்கும் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று மரியாதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

ஐயர் நட்சத்திரம் கேட்டார். கோட்டைக்கு என்ன நட்சத்திரம் சொல்வது? பூவிழியுடையதைச் சொன்னேன்.

மூன்று மணிக்குப் போன் வந்தது. "அப்புறம் பேசறேம்மா" என்றாள். வைத்துவிட்டாள். குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தேன். கல்லே இல்லாத அரிசி. இருந்தும் பொறுக்கினேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கூழ் ஊற்ற வருவதாகச் சொன்ன பூவிழி வரவில்லை. ஆபீசில் லீவு தரவில்லையாம். போன மாதம் மூன்றாவது அறையை வைத்துக்கொண்டு சம்பளத்தை ஏற்றும்போதே மேனேஜர் அதெல்லாம் சொல்லியிருக்க வேண்டும், அப்போது வாயெல்லாம் பல். இவரும் செல்லியம்மாள் அக்காவும் இரண்டிரண்டு சொம்பு குடித்தும் பானையில் மீதி நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை சந்தையிலிருந்து இவர் நாலாவது அறையை இறக்கிக்கொண்டு வந்தார். இதையும் அவளே கட்டியிருக்கிறாள். ஆபீசில் இன்னும் யாருக்கும் காட்டவில்லையாம். "மொதல்ல நீ பாரும்மா. மாட்டிக்கினா போன் பண்ணு, சொல்லித் தர்றேன்" என்றாள்.

மாட்டி மூன்று நாள் ஆகிறது. பண்ணவில்லை.