பென்சிலால் போட்ட ஓட்டு

உன் தங்கை மந்தாரக்குப்பத்திலிருந்து வந்து, உன் பெட்டியில் கிடந்ததாக ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன் பெயர், இங்கிலாந்தில் நீ இருந்த ஊர், ஓட்டுப் போட வேண்டிய சர்ச் கூடம். தேர்தல் தேதி, இரண்டாயிரத்து ஐந்து மே மாதம். ஒரு நாள் போனில் கேட்டுவிட்டு, பிறகு உன்னிடம் கேட்கத் துணியாத கேள்வி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இங்கே டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த என் சிநேகிதி நீ, அப்போது அங்கே போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாய்.

"எனக்கு ஓட்டு இருக்காம். பாஸ்போர்ட் இந்தியாதான், ஆனா காமன்வெல்த் நாட்டுக்காரங்க இங்க குடியிருந்தா போடலாமாம். நம்மூர்ல எம் பேரை எடுத்துட்டாங்க, இங்க சேத்துக்கினாங்க. ஒண்ணும் புரியல."

எனக்கும் புரியவில்லை. ஆனால் நான் டீச்சர்; மூன்று தேர்தலில் பூத் டூட்டி பார்த்தவள். புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டை மூடப் போவதாகப் பேச்சு. மூடக் கூடாது என்று வீடு வீடாக வந்து சொன்ன ஒரு வேட்பாளருக்குத்தான் உன் ஓட்டு.

"இந்தத் தொகுதில நிக்கிறவங்க பேருதான் சீட்டுல இருக்குமாம். யாருக்கு அதிக ஓட்டோ அவரு எம்.பி. எந்தக் கட்சிக்கு எம்.பி. அதிகமோ அவங்க ஆட்சி."

"இங்கயும் அதேதான்டி."

"மிஷின் இல்ல, விரல்ல மை இல்ல. பென்சில்ல எக்ஸ் போடணுமாம்."

"எக்ஸ்னா தப்புதான? வேணாங்கிறவங்களுக்குப் போடச் சொல்லியிருப்பாங்க."

"கூட வேலை செய்றவ வேற மாதிரி சொன்னாளே..."

"டூட்டி பாத்தவ சொல்றேன். உன் ஆளைத் தொடாத. மத்தவங்களுக்கெல்லாம் எக்ஸ் போடு."

வருடம் முழுக்க பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எக்ஸ் போட்ட கை என்னுடையது. வேறு மாதிரி யோசிக்கவே தோன்றவில்லை.

தேர்தல் முடிந்த மறுநாள், பக்கத்து பிளாக் சமூக அறிவியல் சார் சொல்லித்தான் தெரிந்தது. அங்கே எக்ஸ் வாங்கியவருக்குத்தான் ஓட்டு. இரண்டு பேருக்குப் போட்டால் செல்லாது. அந்த ஞாயிறு நீயே கூப்பிட்டாய்.

"தோத்துட்டாரு. ஜெயிச்சவருக்குப் பாதிப் பேர் கூட போடல. ஆனாலும் அவருதான் எம்.பி.யாம்."

"நீ எப்படிப் போட்ட?"

"சாயங்காலம் ஏழு மணி, வெளிய வெயில் அடிச்சுக்கினு இருந்தது. பென்சிலை நூல்ல கட்டி வச்சிருந்தாங்க. கையில எடுத்ததும் உன் குரல்தான் காதுல."

"சரி, எப்படிப் போட்ட?"

"ஓட்டு ரகசியம்னு நீதான சொல்வ." சிரித்தாய். உடனே, என் பையனுக்கு ஜுரம் விட்டதா என்று கேட்டாய்.

வார்டை மூடினார்கள். நீ வேறு ஊருக்கு மாறினாய். சென்ற வருடம் அங்கேயே உன்னை அடக்கம் செய்தார்கள்.

உன் ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவருக்கு மட்டும் என்று அந்தச் சீட்டிலேயே எழுதியிருந்திருக்கும்; அதை நம்பினாயா, என்னை நம்பினாயா? அந்தச் சிரிப்பு என் அறியாமைக்கா, என் மனம் நோகக் கூடாது என்பதற்கா? ஒரு நாள் ஒன்று சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

இப்போது யார் எதைக் கேட்டாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். உன்னிடம் ஒரு தரம் சொல்லியிருக்கலாம்.