குரங்கு ஓட்டியவளின் பங்கு

அன்புள்ள அக்கா,

உயிரியல் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினால் விரலோடு சேர்ந்து வருகிறது. நேற்று பலாப்பழம் அறுத்த பிசின் இன்னும் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தும், சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் இடுக்கில் அந்த வாசம் அப்படியே இருக்கிறது. இரத்த ஓட்டத்தைப் படிக்க உட்கார்ந்தவள் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் இடத்தில் இந்த வருஷம் ஹாஸ்டல் லீடர் நான்தான். கேட்டால் சிரித்திருப்பீர்கள். போன வருஷக் கோடை விடுமுறைக்குப் பெரக்கரை நாட்டில் உள்ள உங்கள் ஊருக்குப் போன நீங்கள், மஞ்சள் காமாலையில் படுத்து, திரும்பி வராமலே கண்ணை மூடிவிட்டீர்கள். உங்கள் பெட்டியை எடுக்க வந்த உங்கள் அப்பாவிடம் எங்களில் யாருக்கும் பேசத் தெரியவில்லை.

பழக் காலத்துச் சனிக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். மிளகுத் தோட்டக்காரர் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் பலா மரங்களை நம் ஹாஸ்டலுக்கு விட்டிருந்தார். நாமே இறங்கிப் போய்த் தூக்கிவர வேண்டும் என்பதுதான் பேச்சு. ஈரச் சரிவில் செருப்பு வழுக்கும் என்று எல்லோரும் வெறுங்காலோடு இறங்குவீர்கள். எனக்கு இளைப்பு. நாலு எட்டு ஏறினாலே நெஞ்சு விசில் அடிக்கும். அதனால் ரோட்டோரத்தில் செருப்பு, பை, தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் காவல் இருந்து, கையில் ஒரு குச்சியோடு குரங்குகளை விரட்டிக்கொண்டிருப்பேன்.

தூக்கி வந்தவர்களுக்குச் சுளை, மற்றவர்களுக்குக் கொட்டை. யார் வைத்த வழக்கமோ, நாம் வருவதற்கு முன்பே ஹாஸ்டலில் இருந்தது. நானும் கொட்டைக் குழம்பையே சாப்பிட்டு வந்தேன். ஒரு வாரம், எல்லோரையும்விடப் பெரிய பழத்தைச் சுமந்து வந்த மல்லிகா என் தட்டைப் பார்த்தாள்.

"ஐயோ பாவம்டி, நம்ம புஸ்தகப் புழு. ரெண்டு சுளை போட்டு உடுங்க."

அவள் கெட்டவள் இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்த இரண்டு சுளை தட்டில் விழுந்ததும் நான் கையை இழுத்துக்கொண்டேன். அதுவரை நான் ஹாஸ்டல் பிள்ளைகளில் ஒருத்தி. இதை வாங்கிவிட்டால், படிப்பு முடிகிறவரை சனிக்கிழமைதோறும் தட்டை நீட்டி நிற்கிறவள் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

அரிவாளோடு உட்கார்ந்திருந்த நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். "ஏங் கண்ணு?"

"பாவம்னு குடுத்தா வேண்டாங்க்கா."

"அடேங்கப்பா, ரோசத்தப் பாரு!" என்றாள் மல்லிகா. "பின்ன என்னன்னு குடுக்கறது? குரங்கு ஓட்டுனதுக்குக் கூலின்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "முந்தாநேத்து ஜெபத்துல வாசிச்சியே, தாவீது கதை. அத இன்னொருக்காச் சொல்லு, சாமி."

எங்கள் வீட்டில் கும்பிடுவது மாரியம்மனைத்தான். ஆனாலும் ஹாஸ்டல் ஜெபத்தில் வேதாகமம் வாசிப்பது எப்போதும் நான்தான், வாயில் நுழையாத பெயர்களைக்கூடத் தடுமாறாமல் வாசிப்பேன் என்பதால். அன்று அதைக் கதையாகச் சொன்னேன். தாவீதின் ஊரைக் கொள்ளையடித்துப் போனவர்களைத் துரத்திக்கொண்டு அறுநூறு பேர் ஓடுகிறார்கள். இருநூறு பேர் களைத்துப்போய், பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் மூட்டைகளுக்குக் காவலாகத் தங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் போய் ஜெயித்து, எல்லாவற்றையும் மீட்டு வருகிறார்கள். கூட வராதவர்களுக்குப் பங்கு கிடையாது என்று அவர்களில் சிலர் சொல்கிறார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. இது கர்த்தர் நமக்குக் கொடுத்தது, போனவனுக்கும் காவல் இருந்தவனுக்கும் சரிபங்கு என்று சட்டமே ஆக்கிவிடுகிறான்.

"அது சண்டைங்க்கா. இது பலாப்பழம்" என்றாள் மல்லிகா.

"சரி, மரம் நீ வெச்சதா?"

"இல்லீங்க."

"நானும் வெக்கல. நமக்குச் சும்மா வந்தது. இதுல தூக்குனவ என்ன, காவல் இருந்தவ என்ன? இனி எல்லாத்துக்கும் ஒரே பங்கு. அவளுக்குப் பாவம்னு யாரும் குடுக்க வேண்டாம். அவ பங்க அவ எடுத்துக்கறா."

எடுத்துக்கொண்டேன். அந்தக் கதையை எத்தனையோ முறை வாசித்தவள் நான். பெயர்களைச் சரியாக உச்சரிப்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மல்லிகாவும் அவள் கூட்டாளிகளும் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டார்கள். "ஒரே பங்குன்னா நாங்களும் குரங்கே ஓட்டறோம்" என்று அறையிலிருந்து குரல் வந்தது. நீங்கள் இரண்டு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு இறங்கினீர்கள். சரிவில் விழுந்து, முழங்கால் கிழிந்து, தலையில் ஒரே ஒரு பழத்தோடு ஏறி வந்தீர்கள்.

அந்த ஒரு பழத்தையும் எல்லாத் தட்டிலும் வைத்தீர்கள். மல்லிகா தட்டிலும். எனக்குக் கோபம் தாங்கவில்லை. "அக்கா, அவங்க முடியாம இருக்கல. வேணும்னே வரல."

"தெரியும்" என்றீர்கள். "மல்லிகா, நல்ல சுளையாப் பாத்து வெச்சிருக்கேன், தின்னு பாரு." குத்தலாகச் சொல்கிறீர்களோ என்று உங்கள் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

மல்லிகா தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு எங்கீங்க்கா?" என்றாள்.

"அறுக்கறப்பவே நாலு உள்ள போயிருச்சு."

பொய். நீங்கள் அறுத்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம். மல்லிகா தன் சுளையைப் பிய்த்து உங்கள் வாயில் திணித்தாள். அடுத்த வாரம் அவள் இறங்கினாள். அவள் கூட்டாளி ஒருத்தி மட்டும் கடைசிவரை இறங்கவே இல்லை. அவளுக்கும் நீங்கள் பங்கை நிறுத்தவில்லை.

எனக்குக் கொடுத்தது நியாயம். அதற்கு நான் வாசித்த கதை இருந்தது. மல்லிகாவுக்குக் கொடுத்ததற்கு எந்தக் கதையும் அப்போது எனக்குத் தெரியாது. பிறகுதான் இன்னொன்றை வாசித்தேன். ஒரு திராட்சைத் தோட்டக்காரன், பொழுது சாயும் நேரத்தில் வேலைக்கு வந்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுக்கிறான். காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீங்கள் இல்லை.

லீடருக்கு என் பெயரைச் சொன்னதே மல்லிகாதான். "அவ பங்கு போட்டாச் சண்டை வராது" என்றாள். நேற்று எட்டாம் வகுப்பு கீர்த்தனா, "வெயிலா இருக்குதுங்க்கா, நா வரல" என்று கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பங்கு போடும்போது அவள் தட்டுக்கு முன்னால் என் கை நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். முழுப் பங்கையும் வைத்தேன். ஆனால் "ம், தின்னு" என்று சொல்லி வைத்தேன். அவள் தலை நிமிராமல் தின்றாள்.

பங்கு சரியாகத்தான் இருந்தது, அக்கா. என் முகம்தான் சரியாக இல்லை. உங்கள் சட்டத்தை நான் காப்பாற்றிவிடுவேன். கொடுத்தோம் என்ற நினைப்பே இல்லாத அந்த முகம் எனக்கு இன்னும் வரவில்லை. அதைத்தான் இப்போது கண்ணாடியிலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை கீர்த்தனா முன்னால் போய் உட்கார்ந்து, தலை பின்னிவிடச் சொன்னேன். நேற்றைய கோபம் தீர முடியை இழுத்து இறுக்கிப் பின்னினாள். நன்றாக வலித்தது. பின்னி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.