அடுக்களைச் சுவரில் அளவுகோல்

டிசம்பர் 5, வெள்ளி

மழை இல்லை. வெயில் சுள்ளென்று. ஆனாலும் காலையில் அடுக்களையில் கணுக்கால் வரை உப்புத் தண்ணீர். நேற்றுப் பௌர்ணமி. வேலியேற்றம்: கடல் பொங்கி ஓடை வழியே வீட்டுக்குள். கேஸ் சிலிண்டர் மேஜைமேல். அம்மா நாற்காலியில் சம்மணம் போட்டு வெங்காயம் உரிக்கிறாள். "உன் ஆபீஸ் தண்ணி வந்திருக்கு, வா." கொழுப்பு.

கடலோர வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு வருஷ ஃபெலோஷிப். எழுதிப் போட்டபோது கப்பல், தீவு என்றெல்லாம் கனவு. கிடைத்தது இதே கொச்சி, இதே மட்டாஞ்சேரி. உள்ளூர்ப் பெண், பாஷை தெரியும் என்று என் தெருவையே தந்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய், தண்ணீர் எதுவரை ஏறியது என்று அளந்து, வரைபடத்தில் நீலம் அடிக்க வேண்டும். நன்றாகச் செய்தால் இரண்டாம் வருஷம் லட்சத்தீவு கிடைக்கலாம் என்றார் பீனா சேச்சி (எனக்கு மேலே இருப்பவர்). அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

வாங்க: அளவு நாடா (பழையது துரு), ரப்பர் செருப்பு, அம்மாவின் கால் புண்ணுக்கு மருந்து.

டிசம்பர் 8, திங்கள்

தண்ணீர் வடிந்தது. சேற்று நாற்றம்.

அத்தா வீட்டை விற்கப் பார்க்கிறார். கலூரில் மாவுக்கடை வைத்திருக்கும் தென்காசிக்காரர், மனைவியோடு பார்க்க வருகிறாராம். விற்றால் இடப்பள்ளிப் பக்கம் மாடியில் ஒரு வீடு. அம்மாவின் கால் ஆறும்.

சாயா குடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அத்தா: "தண்ணி அடங்கின நாளா ஒண்ணு பாத்துச் சொல்லு நூரு. உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே."

சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. இதற்குத்தான் படித்தேன் போலிருக்கிறது.

வரைபடத்தில் தெரு முழுக்க நீலம், எங்கள் வீடு மட்டும் வெள்ளை. அடித்தால் வீடு விற்காது. அடிக்காவிட்டால் நான் பொய்க்காரி.

டிசம்பர் 12, வெள்ளி

வந்தார்கள். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, அம்மா கையில் சாம்பிராணி. தரை சமர்த்தாகக் காய்ந்து கிடந்தது. மாவுக்கடைக்காரருக்குப் பிடித்துவிட்டது. அந்த அக்கா அடுக்களையிலேயே நின்றாள். கிரைண்டரை எங்கே வைப்பது என்று இடம் பார்த்தாள். பிறகு என்னிடம்: "நீ கடல் வேலதான பாக்க? நீயே சொல்லு தாயி. இங்க தண்ணி ஏறுமா?"

அத்தா வாசலில். கேட்கும் தூரம்.

"ஏறும்க்கா. வாவுக்கு வாவு, அமாவாசை பௌர்ணமிக்கெல்லாம் ஏறும்."

சாயாவை முழுதும் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அம்மா முறுக்கைத் திரும்ப டப்பாவில் போட்டாள். அத்தா என்னைத் தாண்டி உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

நீலம் அடித்தேன். இப்போது தெருவில் வெள்ளையே இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

பீனா சேச்சி போன். இரண்டாம் வருஷம் உறுதி. உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தேன்.

"லட்சத்வீபு அல்லா மோளே, இவிடெத் தன்னெ. நின்றெ வீடு நல்ல ஸ்டேஷனா."

லட்சத்தீவு இல்லையாம், இங்கேயேதானாம்; எங்கள் அடுக்களையில் அளவுகோல் பொருத்தி வருஷம் முழுக்கக் குறிக்க வேண்டுமாம். வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். அத்தா மாட்டேன் என்று சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே கேட்டேன்.

"அடிச்சுக்கோ" என்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் வார்த்தை.

டிசம்பர் 20, சனி

கறுத்தவாவு, அமாவாசை. தண்ணீர் வாசற்படி தாண்டிவிட்டது. ஆபீஸ் ஆள் வரவில்லை, ரோட்டிலும் தண்ணீராம். அத்தாவே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சுத்தியலை எடுத்தார். நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டேன். கோணல். கழற்றி மறுபடி நேராக அடித்தார்.

"எத்தன வருசத்துக்கு நூரு?"

"ஒரு வருசம்தான் அத்தா."

கையை நீட்டினார், இன்னொரு ஆணிக்கு.