எடை குறையாத கரி

பிப்ரவரி 3, திங்கள்

கப்பல் சரக்குத் தகவல்களை அலசி, போதைப்பொருள் எதற்குள் ஒளிந்து போகிறது என்று தேடுவதுதான் எனக்கு வேலை. இன்று பந்தல்குடியிலிருந்து போன சீமைக்கருவேலங்கரி மாட்டியது. கன்டெய்னரை முட்ட முட்ட அடைத்தாலும் கரி இந்த எடை வராது. "சுகப்பிரியா, உங்க ஊர்ப் பக்கம்தானே, பாத்துச் சொல்லுங்க" என்றார் மேலாளர் சதீஸ்குமார்.

அனுப்பியவர் காளீஸ்வரன். யுவராணி அக்காவின் வீட்டுக்காரர். என் அத்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 4

அத்தானாவது, கடத்தலாவது! அக்கா குடித்த காப்பி டம்ளரைக்கூட அவரே கழுவி வைப்பார்.

டம்ளர் கழுவுகிறவன் கடத்த மாட்டானா?

பிப்ரவரி 9, ஞாயிறு

பந்தல்குடி போனேன். கோழிக்குழம்பு. விளையாட்டுப்போலக் கேட்டேன்: "அத்தான், ஒங்க கரி மட்டும் ஏன் இந்தக் கனம் கனக்கு?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. பிறகு சிரித்தார். "தண்ணி ஊத்தாம யாரும்மா கரி அனுப்புறா?"

"இவுக திருட்டுத்தனம் ஒனக்குத் தெரியாதாக்கும்" என்று அக்காவும் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பஸ் ஏற்றிவிட வந்தவர், "எடையெல்லாமா ஒங்க ஆபீஸ்ல பாப்பாக?" என்றார். அதை ஏன் கேட்டார்?

பிப்ரவரி 10

தண்ணீர் என்றால் காய வேண்டுமே.

பிப்ரவரி 11, செவ்வாய்

கரி போய் இறங்கிய துறைமுகத்தின் எடைகளை எடுத்துப் பார்த்தேன். நம் பக்கத்து மற்ற வியாபாரிகளின் பெட்டிகள் வழியில் ஈரம் காய்ந்து எடை குறைந்துதான் இறங்கியிருக்கின்றன. எல்லாரும் ஊற்றுகிறார்கள் - அதில் சந்தேகமே இல்லை. அத்தானுடையது மட்டும் ஏற்றின எடை அப்படியே.

வெள்ளிக்கிழமை வர வேண்டிய அவருடைய அடுத்த பெட்டி இன்றைக்கே தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் வந்து நிற்கிறது. நான் கேட்டதால்தானே? பாவி மனுஷன், சோறு போட்டுச் சிரித்தாரே.

பிப்ரவரி 12

சதீஸ்குமாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உறவு உட்பட. "இனி இதுல நீங்க இருக்க வேண்டாம்" என்றார். பெட்டியைப் பிரிக்கச் சொல்லி சுங்கத்துறைக்கு அவரே எழுதினார்.

தண்ணீராகவே இருந்துவிடட்டும். அத்தான் காலில் விழுந்துகூட மன்னிப்புக் கேட்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

அக்கா போன் செய்தாள். "கரி மூடைக்குள்ள என்னமோ பொட்டலமாம், சுகா. அவுகளக் கூட்டிட்டுப் போயிட்டாக. அவுகளுக்கு ஒண்ணுந் தெரியாதுடி. நீதான் கப்பல் ஆபீஸ்ல இருக்கியே, யாருகிட்டயாச்சும் பேசேன்."

"பேசுறேன்க்கா" என்றேன்.

அழுதுகொண்டே இருந்தவள், போனை வைக்கும் முன், "நீ சாப்ட்டியாடி?" என்று கேட்டாள்.