நோன்பு திறக்கும் தட்டு

மொஸ்தகானெம்,
ஷவ்வால் மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள லக்தருக்கு, உங்கள் வீட்டுக்காரி ஸுலைகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் உம்மாவும் நலம். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சை இழுத்து நிறுத்துவது எனக்குக் கேட்கிறது. சிகரெட்டா என்றால், "இல்லடி, பாலைவனக் காத்து" என்கிறீர்கள். எந்தக் காற்று ஐயா ஒரு மனுஷன் வாய்க்குள் போய் நின்றுவிட்டுத் திரும்பி வரும்? காகிதத்தில் அந்தச் சத்தம் இல்லை. பயப்படாமல் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம். உங்கள் எண்ணெய்க் கிணற்றுக்கே திரும்பி வரும் பூஅலாமிடம் இதையும் ஒரு டப்பா மக்ரூத் பலகாரத்தையும் கொடுத்தனுப்புகிறேன். மக்ரூத்தில் தேன் குறைத்திருக்கிறேன். முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள்.

பெருநாள் முடிந்து நீங்கள் பஸ் ஏறியதுமே ஊர் பழையபடி ஆகிவிட்டது. நோன்பு மாதம் முழுக்க "இதோட விட்டேன்" என்று பள்ளிவாசல் வாசலில் சத்தியம் செய்த ஆம்பிளைகள் எல்லாரும் துறைமுகத்துக் காப்பிக்கடையில் புகைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மட்டும் நோன்புப் பழக்கத்தை விடுவதாக இல்லை. நோன்பு ராத்திரிகளில் தராவீஹ் தொழுதுவிட்டு நாம் இரண்டு பேரும் நடந்தோமே கடலோர ரோடு, அதில் இப்போது சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுத் தனியாக நடக்கிறேன். கடல் பக்கம் உங்களுக்கு இடம் விட்டுத்தான் நடக்கிறேன். எதிரே வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

நோன்பில் நிறுத்திய சர்க்கரையையும் வீட்டுக்குள் திரும்ப விடவில்லை. உம்மாதான் ஒவ்வொரு டம்ளருக்கும், "இது தேத்தண்ணியா, புதினா கழுவின தண்ணியா?" என்று கேட்கிறார். பெருநாளுக்குப் பிறகு வைக்கும் ஆறு நோன்பையும் இரண்டு பேரும் சேர்ந்தே வைக்கிறோம்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள்.

இந்த ஆறில் முதல் நோன்பு அன்று, பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் வீட்டுக்குள் சிகரெட் வாசம் வந்தது. நீங்கள் சொல்லாமல் வந்துவிட்டீர்களோ என்று கதவைத் திறந்து தெருவைப் பார்த்தேன். யாரும் இல்லை. அடுத்த நோன்பிலும் அதே நேரம், அதே வாசம். அது உங்கள் தம்பி ஹபீப் குடித்துவந்த கறுப்புப் புகையிலை வாசம். தெரிந்த சூராவையெல்லாம் ஓதிக்கொண்டே மொட்டைமாடிக்கு ஏறினேன்.

அங்கே உம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே நோன்பு திறக்கும் தட்டு. பேரீச்சம்பழம், ஹரீரா சூப் கிண்ணம், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் தானாகப் புகைந்துகொண்டிருந்த ஒரு சிகரெட். அவர் அதைத் தொடவில்லை. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படவில்லை. அது சாம்பலாகும் வரை காத்திருந்தார். "அவன் முதல்ல தொறக்கட்டும், அப்புறம் நான்" என்றார்.

உங்களுக்கு மறந்திருக்காது. ஹபீபுக்குப் பேரீச்சம்பழத்துக்கு முன்னால் சிகரெட் வேண்டும். "புள்ள பகல் பூரா ஏங்கிப்போயிருக்கும்" என்று உம்மாவே கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒன்றை எடுத்து, மேலே தீப்பெட்டியும் வைப்பார். நாமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். இந்த ஊரில் எந்த வீட்டில் வைக்கவில்லை? போன வருடம் பெருநாள் தொழுகை முடிந்து வந்து ஹபீப் வாசற்படியில் உட்கார்ந்து ஒன்றில் இன்னொன்றைப் பற்றவைத்தார். "ஒரு மாசம் பட்டினி போட்டேன், இன்னிக்கு அதுக்கு விருந்து" என்று வேடிக்கை பேசினார். பலகாரத் தட்டு அவரிடம் வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நீங்கள் புது ஜெல்லாபா அங்கியோடு தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அந்த ஹபீபின் கபர் மேல் கை வைத்துத்தான் இந்த நோன்பு மாதத்தில் நீங்கள் சிகரெட்டை விட்டீர்கள். உங்கள் நெஞ்சைப் படம் எடுத்த டாக்டர் சொன்னதும் இதே வியாதிதான்.

அவரைக் கொன்றதையே அவருக்குக் கொடுக்கிறீர்களே உம்மா என்று கோபமாகத்தான் கேட்டேன். "தெரியும்டி. வேற எதை வெச்சா அவன் வருவான்? பேரீச்சம்பழத்துக்கு அவன் என்னிக்கு வந்திருக்கான்?" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். புகை நேராக மேலே போகவில்லை. உட்கார்ந்திருப்பவர் தோளைச் சுற்றிப் போவது போல வளைந்து போனது. காற்றுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் காலை நீட்ட எனக்குத் துணிவு வரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நோன்பிலும் அந்த வாசத்துக்காக நானும் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். அதுதான் எனக்கு அதிக பயமாக இருக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை தட்டில் இரண்டு சிகரெட் இருந்தது.

இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். "லக்தருக்கு" என்றார், ஹரீராவைக் கலக்கிக்கொண்டே. அவர் உயிரோடு இருக்கிறார், விட்டும்விட்டார் என்று கத்தினேன். உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "போனை வெச்சதும் உன் மூஞ்சி போற போக்கை நான் பாக்கலையா? ஒருத்தனுக்கு வெச்சுப் பழகின கை இது. அடுத்தவனுக்கும் வெக்கத் தெரியும்" என்றார். தீப்பெட்டியைப் பிடுங்கிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. "நீ பிடுங்கிட்டா அவன் விட்டுருவானா?" என்று மட்டும் கேட்டார். கீழே இறங்கி வந்து அழுதேன்.

லக்தர், செத்தவருக்கு வைத்ததை என்னால் எடுக்க முடியாது. அது தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே உள்ளது. உங்களுக்கு வைத்ததை எடுக்க உலகத்திலேயே ஓர் ஆளால்தான் முடியும். லீவு கேளுங்கள். வந்து அந்தத் தட்டின் முன்னால் உட்காருங்கள். விட்டுவிட்டு வந்தால் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன். விட முடியாவிட்டாலும் வாருங்கள், பாலைவனம், காற்று என்று பொய் சொல்லாமல் வாருங்கள். என் கண்ணெதிரே ஊதுங்கள். ஊர் கேட்கத் திட்டுகிறேன், பாக்கெட்டைப் பிடுங்கிக் கடலில் எறிகிறேன், மறுநாளும் திட்டுகிறேன். திட்டுவதற்கு எனக்கு ஆள் வேண்டும்.

அல்லாஹ் உங்கள் மூச்சை நீளமாக்கித் தரட்டும்.

உங்கள்
ஸுலைகா