பேபி ஆஃப் ஸ்டெல்லா

12.8.1999, வியாழன்

தொப்புள்கொடி ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணுவது என் வேலை. பிறந்த குழந்தைக்குப் பெயர் இராது. தாயின் பெயரைப் போட்டு, "பேபி ஆஃப் ஸ்டெல்லா" என்று குழாயில் ஒட்டுவோம்.

மதியம் ஸ்டெல்லாவின் கணவர் லேப் வாசலில் வந்து நின்றார். கேரளக் கடலோர விழிஞ்ஞத்துக்காரர்.

"பிள்ளைக்க ரத்தம் எப்படி உண்டு, மேடம்?"

"கவுண்ட் நல்லா இருக்கு, பயப்பட வேண்டாம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"பின்ன எதுக்கு காலையில மரிச்சுப்போச்சு?" கோபமாகக் கேட்கவில்லை.

"மிச்ச ரத்தம் இருந்தா தருவீங்களா? சேத்து அடக்கம் பண்ணணும்."

மிச்சத்தை வழக்கம்போல் காலையிலேயே ப்ளீச்சில் கொட்டியிருந்தேன். காலிக் குழாயின் லேபிளை மட்டும் உரித்துக் கொடுத்தேன்.

படித்துப் பார்த்தார். "நேத்தே பேரு வச்சோம், மேடம். ஜெனி." என் பேனாவை வாங்கி லேபிளில் அந்தப் பெயரை எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எங்கள் பதிவேட்டில் அவள் இன்னும் பேபி ஆஃப் ஸ்டெல்லாதான். நாளை முதல் வேலையாக ஜெனி என்று எழுத வேண்டும். எதிரே நான் எழுதிய "நார்மல்" அப்படியே இருக்கும். அதை அடிக்க முடியாது. எண்ணிக்கை சரிதான்.