பினாங்குத் துணியில் ஐந்து சட்டைகள்

786
காரைக்குடி
12.6.1971

அன்பு மகள் அமீனாவுக்கு, உன் அம்மா ஆசியா பீவி துஆ செய்து எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை சபியுல்லாவும் பினாங்கில் சுகமாக இருப்பதைப் படித்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். நானும் சுகம்தான்.

நாலாம் மாதம் பிறந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று முறை படித்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து வருகிற வரி. உன் அத்தா மவுத்தான பிறகு நான் சந்தோஷத்தில் அழுதது இதுதான் முதல் தடவை.

கடிதத்தோடு மூன்று துண்டுத் துணியைக் குண்டூசியில் குத்தி அனுப்பி, பிள்ளைக்குச் சட்டை தைக்க எதை வாங்கட்டும் என்று கேட்டாயே, தையல்காரி மகள் என்று காட்டிவிட்டாய். விரலால் தடவிப் பார்த்தேன். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. எனக்கே சிரிப்பு வந்தது. இருபது வருஷம் ஊசி பிடித்த விரல், காய்த்துப்போய்விட்டது போலிருக்கிறது. அப்புறம் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னம் சரியாகச் சொன்னது.

முதல் துண்டு சாதாரணப் பனியன் துணி. இழுத்தால் வருகிறது, விட்டால் திரும்பிப் போகவில்லை. இரண்டாவது நைலான் கலந்தது. பளபளப்பைப் பார்த்து மயங்காதே. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், குடிக்காமல் மேலேயே உருண்டது. பிள்ளையின் வியர்வையையும் அப்படித்தான் விடும். மூன்றாவது, அந்த லினன் கலந்த பனியன் துணி. ஏதோ செடியின் நார் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். முதலில் கொஞ்சம் முரடுதான். நனைத்துக் காயவைத்தேன், உடனே குணம் மாறிவிட்டது. தண்ணீரையும் நன்றாகக் குடிக்கிறது. அதையே வாங்கு. மூன்று கெஜம் போதும். முதல் நனைப்பில் சுருங்கும், அதனால் குறைக்காதே. வெளிச்சத்தில் பிடித்துப் பார், எங்காவது பின்னலில் கண்ணி விட்டு ஓட்டை தெரிந்தால் வேறு கேள். கடைக்காரர் முன்னால் அகலவாட்டில் இழுத்துப் பார்க்க வெட்கப்படாதே.

ஏழாம் மாதம் கப்பல் ஏறிவிடு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் பேச்சே இல்லை. உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
ஆசியா பீவி


786
காரைக்குடி
16.8.1971

அன்பு மகள் அமீனாவுக்கு அம்மாவின் துஆவும் ஸலாமும்.

ஊருக்கு வந்த அல்லாபிச்சை மாமா, நீ கொடுத்தனுப்பிய துணியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். செப்டம்பர் கடைசியில் அவர் பினாங்கு திரும்புகிறாராம். தைத்த சட்டைகளை அவரிடமே கொடுத்துவிடலாம்.

துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். நீளத்தில் நாலு விரல் உள்ளே போய்விட்டது. மறுபடியும் போட்டேன், கொஞ்சம் போனது. மூன்றாம் தடவை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் கத்தரியை எடுத்தேன். இழுவை பிள்ளையின் மார்பைச் சுற்றி வரும்படி வைத்து வெட்டினேன். தலைவழியே மாட்ட வேண்டாம் என்று முன்பக்கம் முடிச்சு வைத்திருக்கிறேன்.

மிஷின் என்னை நன்றாக அலைக்கழித்துவிட்டது. ஊசி இறங்கிய இடமெல்லாம் இழை அறுந்து ஓட்டை விழுந்தது. கொஞ்சம் யோசித்து, ஊசி முனையை அம்மியில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து மழுக்கினேன். இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போயிற்று. துணிக்கு அடியில் செய்தித்தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்தேன். இப்போது தையல் தண்ணீர் போல ஓடுகிறது. உன் அம்மாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்திருக்கிறது, மன்னித்துக்கொள்.

கழுத்தை மட்டும் கையால் தைத்தேன். நாலாவது சட்டையில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. வெற்றிலைக் கறையோ என்று பார்த்தால், என் இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி நிற்கிறது. எப்போது ஏறியதோ தெரியவில்லை. வலிக்கவே இல்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அந்தச் சட்டையை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அமீனா, இன்னொரு விஷயம். பிரசவத்துக்கு நீ இங்கே வர வேண்டாம். நீ பெறப்போவது நல்ல மழைக்காலம். உள்ளறை ஓடு ஒழுகுகிறது. கப்பலில் ஏழு நாள் வாந்தியும் தலைச்சுற்றலுமாக எப்படி வருவாய்? பினாங்கு ஆஸ்பத்திரிகள் இங்கே இருப்பதைவிட மேல் என்று மாமாவும் சொன்னார். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா நல்லவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஏன், எதற்கு என்று கேட்காதே. கோபித்துக்கொள்ளாதே.

அம்மா,
ஆசியா பீவி


786
காரைக்குடி
20.9.1971

என் தங்கம் அமீனாவுக்கு அம்மாவின் துஆ.

உன் கடிதம் கிடைத்தது. ஜூன் மாதம் சுண்ணாம்பு அடித்த வீடு ஆகஸ்டில் எப்படி ஒழுகும் என்று கேட்டிருந்தாய். நான் உங்களுக்குப் பாரமா, யார் என்ன சொல்லி உங்கள் மனதைக் கலைத்தார்கள், எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வேண்டாம் என்றாலும் வருவேன் என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் பயமாக இருந்தது. சட்டைகளுக்கு நடுவில் வைத்து மூட்டையைச் சுற்றித் தைத்து மாமாவிடம் கொடுக்கிறேன். அவர் போகிற கப்பல் சிங்கப்பூர் போய்த் திரும்பும்போதுதான் நீ ஏறுவதாக எழுதியிருந்தாய். அதனால் உனக்கு யோசிக்கச் சில நாள் இருக்கும். தனியாக இருக்கும்போது படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

என் இடது முழங்கைக்குக் கீழே வெளிறிப்போன படை ஒன்று ஒரு வருஷமாக இருக்கிறது. தேமல் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஊசி ஏறியும் வலிக்காத அன்று, அதே ஊசியால் அந்தப் படையைக் குத்திப் பார்த்தேன். அங்கேயும் வலி இல்லை.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயியிடம் நூல் வாங்க மதுரைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, நம் ஊரில் யாரும் பெயர் சொல்லப் பயப்படுகிற அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால் யாராவது பார்ப்பார்களே என்று அடுத்த ஊர் வரை போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன். டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள் என்றார். எப்போது தொடுவார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறங்கள், ஐந்து தடவை தொட்டுவிட்டேன் என்றார்.

அமீனா, உன் அம்மாவுக்குக் குஷ்டம்.

எழுதிவிட்டேன். இதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். டாக்டரம்மா நல்ல மனுஷி. இது பிறருக்கு ஒட்டுகிற வகை இல்லை, சில வருஷம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும், விரலில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மகள் வரலாமா என்று கேட்டேன். தாராளமாக வரட்டும், பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவர் படித்தவர். நான் பயந்தவள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தகரக்குவளையோடு உட்கார்ந்திருப்பார்களே, அவர்களைக் கடக்கும்போது உன்னை என் மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போவேன், ஞாபகம் இருக்கிறதா? எத்தனை தடவை இழுத்திருப்பேன். இப்போது உன்னை என் பக்கத்திலிருந்து யார் இழுப்பது? நான்தான் இழுக்க வேண்டும்.

தையலை நிறுத்திவிட்டேன். கீழச்சிவல்பட்டி ஆச்சி கொடுத்திருந்த ரவிக்கைத் துணிகளை, கண் தெரியவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பொன்னுத்தாயிதான் விடமாட்டேன் என்கிறாள். மக எப்ப வாரா, மருமகனும் கூட வாராகளா, தொட்டிலுக்கு எங்க வீட்டுச் சேலையத் தாரேன் என்று தினமும் கேட்கிறாள். அவள் உள்ளே வந்தால் நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறேன். மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை நல்லவர். ஆனாலும் அவர் வீட்டார் காதில் இது விழுந்தால் என்ன பேசுவார்களோ. உன் அம்மாவுக்கு வந்தது நாளை உனக்கு வராதா, உன் பிள்ளைக்கு வராதா என்று ஒருவர் கேட்டால் போதும். எனக்கு என் விரலைப் பற்றிப் பயமில்லை அமீனா. உன் வாழ்க்கையை நினைத்துத்தான் நடுங்குகிறேன். அதனால்தான் சொல்கிறேன், கப்பல் ஏறாதே. மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

ஐந்து சட்டைகள் அனுப்பியிருக்கிறேன். ரத்தம் பட்டதை நானே வைத்துக்கொண்டேன். துணி வழியாக ஒட்டாது என்று டாக்டரம்மா சொல்லியும், ஐந்தையும் மூன்று தடவை கொதிக்க வைத்துத்தான் மடித்தேன். உனக்கும் பயமாக இருந்தால் நீயும் கொதிக்க வை. வெட்டும் முன்பே காய்ச்சிய துணி, எத்தனை தடவை போட்டாலும் இனிச் சுருங்காது. அப்படியும் பிள்ளைக்குப் போட மனம் வராவிட்டால் போடாதே. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சட்டைகளை உண்மையில் என்ன செய்தாய் என்று எழுதாதே. பிள்ளை பிறந்து நாற்பது நாள் போனதும், அம்மா, போட்டுப் பார்த்தோம், அளவு சரியாக இருந்தது என்று ஒரு வரி எழுது. அது மட்டும் போதும்.

அல்லாஹ் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காப்பானாக.

உன் அம்மா,
ஆசியா பீவி